விசீம்

விசீம்: ஓர் ஒலியைச் சொல்லும்போது கண்ணுக்குத் தெரியும் வாய்வடிவம். காட்சியைக் குறிக்கும் 'விஷுவல்', ஒலியனைக் குறிக்கும் 'போனீம்' இரண்டையும் இணைத்து, உதட்டசைவை வாசிப்பது பற்றிய ஆய்வொன்றில் 1968இல் சி. ஜி. ஃபிஷர் ஆக்கிய சொல்.

ஒலிகள் பல, வாய்வடிவங்கள் சில. பாலை, மாலை என்று கண்ணாடி முன் ஓசையின்றிச் சொல்லிப் பாருங்கள், உதடு ஒன்றுபோலவே அசையும். பகரமும் மகரமும் இதழ்கள் பொருந்தப் பிறப்பவை என்று தொல்காப்பியப் பிறப்பியலும் சேர்த்தே சொல்கிறது. ககரமோ வாய்க்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்.

அனிமேஷனில் வாயசைப்பின் உயிர் இந்த விசீம்தான். ரூபார்ப் என்னும் மென்பொருள் குரல்பதிவைக் கேட்டு, ஆறு அடிப்படை வாய்ப்படங்களையும் விரும்பினால் இன்னும் மூன்றையும் நேரக்குறிப்போடு அடுக்கித் தரும். ஹைதராபாத் ஐஐஐடி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட வேவ்டுலிப் என்னும் மென்பொருளுக்கு அந்த வாய்ப்படப் பட்டியலே வேண்டாம். பேசும் முகங்களின் காணொளிகளில் கற்று, கணினியில் உருவாக்கிய முகத்துக்கும் உதட்டை அசைக்கும்.

தமிழில் மரம், படம், வேண்டும் என மகரத்தில் முடியும் சொற்கள் ஏராளம். எழுத்து நடையில் பேசும்போது அங்கே உதடு மூடாவிட்டால் பாத்திரம் பேசுவதாக நம்பவே முடியாது. கருவி தந்ததைத் திருத்துபவர் முதலில் அந்த இடங்களைத்தான் பார்க்கவேண்டும்.