போட் மெயில்: கிருமிக்கு டிக்கெட் படிக்கத் தெரியாது

1/ நம்ம விழுப்புரம் ஜங்ஷன்ல ராத்திரி ரயில் ஏறி கொழும்புக்கே போன காலம் ஒண்ணு இருந்துச்சு. அந்த ரயில்தான் 'போட் மெயில்'. #இழை

2/ 1914ல பாம்பன் பாலம் திறந்தாச்சு. எழும்பூர்லேர்ந்து தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், அங்கேர்ந்து மறுபடி ரயில். கேட்க ஜாலியா இருக்குல்ல?

3/ ஆனா இலங்கையோட கதவு கடலுக்கு இந்தப் பக்கமே இருந்துச்சு. மண்டபம் கேம்ப். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய குவாரன்டைன் முகாம். தேயிலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போன நம்ம ஜனங்களை நாள்கணக்கில் இங்கே நிறுத்தி, அம்மை குத்தி, அப்புறம்தான் கப்பல் ஏத்தினாங்க.

4/ டாக்டரா சொல்றேன், காரணம் நியாயமானது. காலரா தொற்றினா 5 நாளுக்குள்ள தெரிஞ்சிடும். பிளேக்குக்கு ஏறக்குறைய ஒரு வாரம். அதுவரை காத்திருக்கிறது அறிவியல்தான்.

5/ ஆனா மேல்வகுப்புப் பயணிகளுக்கு இந்த முகாம் வாசம் கிடையாது. கிருமி என்ன, டிக்கெட் பார்த்தா ஒட்டும்?

6/ 1948ல இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து, மலையகத் தமிழர்ல பெரும்பாலானவங்க நாடற்றவங்க ஆனாங்க. 1964 அக்டோபர்ல சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு. அதே டிசம்பர்ல புயல் தனுஷ்கோடியை அழிச்சுது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறிச்சு. திரும்பி வந்தவங்களுக்கும் முதல் நிறுத்தம் அதே மண்டபம்.

7/ ஓபியில "எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?"ன்னு தினமும் கேட்கிறேன். அது நோயைக் கண்டுபிடிக்க மட்டும்தான் இருக்கணும், ஆளைத் தரம் பிரிக்க இல்ல.