ஆகாய விமானமும் பால்மரமும்

அமெரிக்க ஆகாய விமானத் தொழிலின் வரலாறு ரைட் சகோதரர்களில் தொடங்கிப் போயிங், டக்ளஸ் முதலிய நிறுவனங்களின் ஏற்றத்தைக் கூறிச் செல்வது வழக்கம். அத்தொழிலுக்கும் நம் பேராக் மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களுக்கும் இருந்த தொடர்பும் அறியத்தக்கதே.

1903 டிசம்பர் 17இல் பறந்த ரைட் விமானத்திற்குச் சக்கரங்கள் இல்லை. அது மரத் தண்டவாளத்தின் மீது ஓடி எழுந்து, சறுக்குச் சட்டங்களால் மணலில் இறங்கியது. விமானங்களின் எடையும் வேகமும் பெருகவே, காற்றடைத்த டயர் இன்றியமையாததாயிற்று. 1916இல் போயிங்கும் 1921இல் டக்ளஸும் தோன்றின. புகழ்பெற்ற டி.சி.3 விமானம் 1935இல் பறந்தது.

ஆயின், டயருக்கு வேண்டிய ரப்பர் அமெரிக்காவில் விளையவில்லை. அந்நாடு வாங்கிய ரப்பரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தென்கிழக்காசியாவிலிருந்தே சென்றது. 1877இல் கோலகங்சாரில் பால்மரக் கன்றுகளை நட்டுப் பார்த்த இம்மாநிலத்தில், பின்னர் எழுந்த தோட்டங்களில் பால் வெட்டியோருள் பெரும்பாலோர் தமிழர்.

1940 மே மாதம் அதிபர் ரூஸ்வெல்ட், ஆண்டுக்கு 50,000 விமானங்கள் செய்யும் ஆற்றல் வேண்டுமென்றார். 1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். கம்பாரில் நான்கு நாள் போர் நடந்தது. தாப்பாவைக் கடந்து தெற்கே வந்த படை, 1942 ஜனவரி 7இல் சிலிம் ரிவரில் வென்றது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அமெரிக்காவில் டயருக்குப் பங்கீடு வந்தது; பழைய ரப்பரை வீடுவீடாகத் திரட்டினர். அரசின் முயற்சியால் செயற்கை ரப்பர் ஆலைகள் எழுந்து, 1944இல் 7 லட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தி செய்தன. அவ்வாண்டில் செய்யப்பட்ட விமானங்கள் ஏறத்தாழ 96,000.

இங்கே நிகழ்ந்தது வேறு. மேலைநாட்டுச் சந்தை அடைபட்டதும் தோட்டங்கள் வேலையிழந்தன. தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், மீளாதோர் பலர். அமெரிக்க ஆலைக்கு வாய்த்த மாற்று வழி பால் வெட்டியவனுக்கு வாய்க்கவில்லை.

இரசாயனம் பால்மரத்தை வென்றுவிட்டதா எனில், இல்லை. தரையைத் தொடும் விமானத்தின் சக்கரம், சுழலாதிருந்த நிலையிலிருந்து நொடிப்பொழுதில் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டிச் சுழல வேண்டும். பெரும் பாரத்தையும் தாங்க வேண்டும். அந்நிலையில் செயற்கை ரப்பர் மிகுதியாகச் சூடேறுகிறது. இயற்கை ரப்பர் அவ்வளவு சூடேறுவதில்லை, எளிதில் கிழிவதுமில்லை. 1969இல் பறந்த போயிங் 747க்குச் சக்கரங்கள் பதினெட்டு. அத்தகைய பெருவிமானங்களின் டயர்கள் இன்றும் இயற்கை ரப்பரையே பெரிதும் நம்பியுள்ளன.

பேராக்கின் தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கு மாறிவிட்டன. பால்மரம் மறைந்த இடத்தில் அதை வெட்டியவர்களின் உழைப்பும் மறைந்துபோதல் ஆகாது. விமானத் தொழிலின் வரலாற்றைப் படிக்கும் நம் மாணவர், அதில் தம் பாட்டன் பாட்டியர்க்கும் பங்குண்டு என்பதை அறிதல் வேண்டும்.