மோட்டார் ஓடுது, தண்ணி வரலை!

நெல்லையில் கிணறு இருக்கிற பழைய வீடுகளில் கோடை வந்தால் கேட்கிற வசனம்தான் தலைப்பில் இருக்கிறது. சொல்லி வாய் மூடுவதற்குள் "மோட்டாரை மாத்திருங்க அண்ணாச்சி" என்று ஒருத்தர் வந்துடுவார். கொஞ்சம் பொறுங்க மக்கா. இந்த ரிப்பேருக்கு வழி வரலாற்றுலயே இருக்கு.

தாமிரபரணிக் கரைக்காரனுக்குப் பம்பு ரொம்பப் பிந்தி வந்த விருந்தாளி. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் 8 அணைக்கட்டு. தண்ணீர் பள்ளம் பார்த்து வாய்க்காலில் தானே வயலுக்குப் போய்விடும். வாய்க்கால் எட்டாத காட்டில் கமலை, வீட்டுக் கிணற்றில் உருளையும் கயிறும். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்து, 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் மோட்டார் செய்தார்கள். 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது. ஆத்துத் தண்ணியே கரண்டாச்சு. அப்புறம்தான் மெல்ல மெல்லக் கமலை ஓய்ந்தது.

ஆனா மேலே உட்கார்ந்திருக்கிற பம்பு தண்ணீரை 'இழுப்பதே' இல்லை! அது குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளிக்காற்று தண்ணீரை மேலே தள்ளுகிறது. எப்பேர்ப்பட்ட பம்பும் சுமார் 10 மீட்டருக்கு மேல் உறிஞ்சாது என்பதை கலிலியோ 1638-ல் எழுதிவிட்டார். காரணம் காற்றின் எடைதான் என்று சில வருஷத்தில் டாரிசெல்லி காட்டினார். நடைமுறையில் 25 அடி தாண்டினாலே திணறல்தான்.

எங்கள் தெரு ஆச்சி ஒருத்தர் ஒரே கோடையில் பென்ஷன் காசில் ரெண்டு மோட்டார் வாங்கினார். மாட்டினவர் கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினால் தண்ணீர் 30 அடிக்குக் கீழே கிடக்கிறது. அதே மேடையில் மூணாவது மோட்டார் வெச்சாலும் அதே கதைதானே?

குளிர்தேசத்தில் இருக்கிற நம்மாட்களுக்கும் இதில் பங்கு உண்டு :-) அங்கே வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களிலும் ஆரம்பத்தில் பம்பு கிடையாது. சூடான தண்ணி மேலே ஏறும், ஆறினது கீழே இறங்கும், நம்ம வாய்க்கால் மாதிரி எல்லாம் தானாக. 1920களின் கடைசியில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஓப்லெண்டர் குழாயிலேயே பம்பைப் பொருத்தினார். அது மூடின சுற்று என்பதால் உறிஞ்சுகிற பிரச்சினை இல்லை. ஆனா பழசான வீட்டில் காற்று புகுந்தாலோ, துருச்சேறு சேர்ந்து பம்பு இறுகினாலோ ரேடியேட்டர் ஜில்லென்று நிற்கும். அங்கேயும் முதலில் காற்றைத் திறந்து விடுங்கள். பம்பு விலையை அப்புறம் விசாரிக்கலாம்.

நம்ம ஊருக்கு வரிசை இதுதான். மெயினை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். முதலில் நீர்மட்டம். அடுத்து ஃபுட்வால்வு, அது தேய்ந்திருந்தால் நிரப்பின தண்ணி கிணற்றுக்கே இறங்கிடும். காற்றை மட்டும் சுழற்றுகிற பம்பால் ஒண்ணும் ஏற்ற முடியாது. பிறகு உறிஞ்சுகுழாய் மூட்டுகள், கிளாண்ட் கயிறு, இம்பெல்லர். மட்டம் 25 அடிக்குக் கீழே போயிருந்தால் ஜெட் பம்போ நீர்மூழ்கியோதான் சரி. மோட்டாரைச் சந்தேகப்படுவது கடைசியில்.

ஆச்சி வீட்டில் இப்போ நீர்மூழ்கி ஓடுது. மாட்டின ரெண்டு மோட்டாரும் நல்லாத்தான் இருக்கு, திண்ணையில்!