தறிக்குப் பிறந்து இடுப்புக்கு வந்த கிண்ணம்

1962 மே மாதம். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், விகன் நகரை ஒட்டிய ரைட்டிங்டன் மருத்துவமனைக்கு ஒரு பிளாஸ்டிக் வியாபாரி வந்தார். காசநோயாளிகளுக்காகக் கட்டப்பட்டு, பிறகு எலும்பு மூட்டு சிகிச்சைக்கு மாறிய மருத்துவமனை அது. வந்தவர் விற்றது மருந்தோ கருவியோ அல்ல. லங்காஷயரின் நெசவுத் தறிகளுக்கான பல்சக்கரங்கள். ஜெர்மனியில் தயாரான ஒரு புதுவகை பாலிஎத்திலீனில் கடைந்தவை. அதன் மாதிரித் துண்டு ஒன்றை மருத்துவமனைப் பட்டறையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பட்டறையைக் கவனித்துக்கொண்டவர் ஹாரி கிரேவன் என்ற தொழில்நுட்பர். அவர் அந்தத் துண்டை அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லியிடம் காட்டினார். சார்ன்லி கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார். மெழுகு போன்ற வெள்ளைப் பரப்பில் நகத்தின் தடம் பதிந்தது. இவ்வளவு மெத்தென்ற பொருள் மனிதன் நடக்கும் பாரத்தைத் தாங்காது என்று ஒதுக்கிவிட்டு, கோபன்ஹேகனுக்குப் பயணம் போனார். கிரேவனுக்கு மனம் ஆறவில்லை. துண்டைத் தேய்மானச் சோதனை இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியும், சார்ன்லி அதுவரை பயன்படுத்திய டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது தேயவில்லை.

இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சை இன்று உலகெங்கும் நடப்பதற்கு அந்த மூன்று வாரங்கள் முக்கியக் காரணம். உடலுக்குள் போகும் என்று யாரும் எதிர்பார்க்காத ஒரு பொருள், தறியிலிருந்து இறங்கி இடுப்பெலும்பின் குழிக்குள் போய் உட்கார்ந்தது. வயதானவர்களிடம் நன்றாக உழைத்தது. இளையவர்களிடம் தோற்றது. பிறகு தன்னைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தது. முப்பது நாற்பது வயதிலேயே மூட்டு மாற்ற வேண்டிய நிலையில் இருப்பவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. செராமிக்கா, உலோகமா, பிளாஸ்டிக்கா என்று அவர்கள் முன் வைக்கப்படும் கேள்விக்கான பதில் இதற்குள்தான் இருக்கிறது.

அந்தத் துண்டு வந்தபோது சார்ன்லி பெரும் நெருக்கடியில் இருந்தார். தொடை எலும்பின் தலையை எடுத்துவிட்டு உலோகப் பந்து, இடுப்புக் குழியில் வழுக்கும் கிண்ணம், இரண்டையும் எலும்போடு இறுக்க அக்ரிலிக் சிமென்ட் என்பது அவருடைய திட்டம். உராய்வு குறைந்தால் மூட்டு நிலைக்கும் என்று நம்பி, கிண்ணத்துக்கு டெஃப்லானைத் தேர்ந்தெடுத்தார். அதைவிட வழுக்கும் திடப்பொருள் கிடைப்பது அரிது. சுமார் 300 பேருக்குப் பொருத்தினார். ஊன்றுகோலை விட்டு நடந்தவர்கள், ஒன்றிரண்டு ஆண்டுகளிலேயே வலியோடு திரும்பி வரத் தொடங்கினார்கள். கிண்ணத்தைப் பந்து அரித்திருந்தது. உதிர்ந்த டெஃப்லான் துகளைச் சுற்றி உடல் கட்டிகளை வளர்த்திருந்தது. சார்ன்லி டெஃப்லானையும் புதிய பாலிஎத்திலீனையும் தன் தொடைக்குள்ளேயே செலுத்திக்கொண்டு சோதித்தார். டெஃப்லான் இருந்த இடம் தொட்டால் தெரியும்படி வீங்கியது. பாலிஎத்திலீன் இருந்த இடம் அப்படியே இருந்தது.

வழுக்குவது வேறு, தேயாமல் இருப்பது வேறு என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. டெஃப்லானைவிட பாலிஎத்திலீனில் உராய்வு அதிகம். ஆனால் அது உதிர்வது மிகக் குறைவு. உடலுக்குள் மூட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது உதிர்வுதான். 1962 நவம்பரில் முதல் பாலிஎத்திலீன் கிண்ணம் ஒரு நோயாளியின் உடலில் ஏறியது. இந்தமுறை சார்ன்லி அவசரப்படவில்லை. ஆண்டுக்கணக்கில் நோயாளிகளைப் பின்தொடர்ந்தார். இறந்த பின் மூட்டை ஆய்வுக்குத் தரச் சொல்லி உயிரோடிருக்கும்போதே சம்மதம் பெற்றார். தன்னிடம் வந்து கற்றுக்கொள்ளாத மருத்துவர்களுக்கு உபகரணத்தை விற்க நெடுநாள் அனுமதிக்கவில்லை. அவர் இதைப் பெரும்பாலும் முதியவர்களுக்கும், மூட்டுவாதத்தால் முடங்கியவர்களுக்கும் செய்தார். அதிகம் நடக்காத உடலில் கிண்ணம் பல பத்தாண்டுகள் தாங்கியது.

சிக்கல் இளையவர்களிடம் வெளிப்பட்டது. நடமாட்டமுள்ள ஒருவர் ஒரு காலில் ஆண்டுக்குப் பத்து லட்சம் அடிகளுக்கு மேல் வைக்கிறார். ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் மூட்டில் இறங்குகிறது. பழைய பாலிஎத்திலீன் ஆண்டுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் உதிர்ந்த துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை, எண்ணிக்கையில் கோடிக்கணக்கானவை. உடலின் துப்புரவுச் செல்கள் அவற்றை விழுங்குகின்றன, செரிக்க முடியாமல் திணறுகின்றன, அழற்சிக்கான ரசாயனங்களை வெளியிடுகின்றன. அந்தச் செய்தியைக் கேட்டு எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. மூட்டைப் பிடித்திருக்கும் எலும்பே மெல்ல மெல்லக் கரைகிறது. நோயாளிக்கு வலி தெரியும் முன்பே எக்ஸ்ரேயில் கருங்குழிகள் தெரியும்.

பல ஆண்டுகள் இந்தப் பழி சிமென்ட்டின் மீதே விழுந்தது. சிமென்ட் இல்லாத மூட்டுகள் வந்தன. அவற்றிலும் எலும்பு கரைந்தபோதுதான் உண்மைக் குற்றவாளி பிளாஸ்டிக் துகள் என்று உறுதியாயிற்று. அதோடு, கிருமி நீக்கத்துக்காகக் காற்றுப்படும் உறையிலேயே காமா கதிர் பாய்ச்சியது பிளாஸ்டிக்கை ஆக்சிஜனேற்றம் அடையச் செய்து, பெட்டியில் இருக்கும்போதே நலியவைத்தது என்பதும் தெரியவந்தது.

பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று கிளம்பியவர்கள் இரு வழி போனார்கள். பிரான்சின் போ நகரில் பியர் பூத்தான் 1970இல் பந்து, கிண்ணம் இரண்டையும் அலுமினா செராமிக்கில் செய்தார். இன்றைய செராமிக் இணையில் தேய்மானம் இல்லையென்றே சொல்லலாம். உதிரும் கொஞ்சத் துகளும் உடலை அதிகம் சீண்டுவதில்லை. ஆனால் செராமிக் வளையாது, உடையும். இப்போது புழக்கத்தில் உள்ள, சிர்கோனியா கலந்து வலுவூட்டிய இளஞ்சிவப்பு செராமிக்கில் பந்து உடைவது மிக அரிது. இருந்தாலும், கிண்ணம் சற்றே கோணலாக அமைந்தால் விளிம்பு சிதறலாம். சிலருக்கு நடக்கும்போது கீச்சென்ற ஒலி வருகிறது. உடைந்துவிட்டால் கூரிய சில்லுகள் திசுவில் தங்கி, அடுத்து வைக்கும் மூட்டையும் அரிக்கும்.

இன்னொரு வழி, உலோகத்தின் மேல் உலோகம். கோபால்ட் குரோமியத்தில் பெரிய பந்து வைத்தால் மூட்டு நழுவாது, விளையாடலாம், ஓடலாம் என்று சொல்லி, குறிப்பாக இளையவர்களிடமே இதைக் கொண்டுசேர்த்தார்கள். ஏ.எஸ்.ஆர். என்ற மூட்டு உலகெங்கும் சுமார் 93,000 பேரின் உடலில் ஏறியது. இந்தியாவிலும் சுமார் 4,700 பேருக்குப் பொருத்தப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் எட்டில் ஒருவருக்கு மறு அறுவை தேவைப்படுவதை, மூட்டு மாற்று அறுவைகளின் விளைவைக் கணக்கெடுக்கும் பிரிட்டிஷ் பதிவேடு காட்டியது. 2010 ஆகஸ்டில் தயாரிப்பாளர் அதைத் திரும்பப் பெற்றார். ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் ஏறியிருந்தது. மூட்டைச் சுற்றித் தசை அழிந்து, கட்டி போன்ற திரள்கள் உருவாகியிருந்தன. ஆய்வகத்தில் மிகக் குறைவாகத் தேய்ந்த பொருள்தான் இது. உதிர்வது கொஞ்சமானாலும் அது நஞ்சாக இருந்தால் என்ன ஆகும் என்பதை நோயாளிகளின் உடலில் கற்க நேர்ந்தது பெருங்கொடுமை.

இதற்கிடையில் பாலிஎத்திலீனையே திருத்தும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. ஒசாகாவில் ஓனிஷி 1970களிலேயே மிக அதிகக் கதிரைப் பாய்ச்சிய கிண்ணங்களைப் பொருத்தியிருந்தார். பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து அந்த உத்தியை முறைப்படுத்தின. பாலிஎத்திலீன் என்பது மிக நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளின் குவியல். கதிர் பட்டால் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைகின்றன. தனித்தனி நூலாக இழுத்தால் உருவிப் போவது, முடிச்சிட்ட வலையானால் உருவாது. மிஞ்சிய எதிர்வினைக் கூறுகளை அடக்க அதை உருக்கி ஆறவைக்கிறார்கள். பிற்பாடு வந்த வகைகளில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க வைட்டமின் ஈ சேர்க்கிறார்கள். கொஞ்சம் வலுவை இழந்து தேய்மானத் தடுப்பைப் பெறும் பேரம் இது. ஆகவே கிண்ணத்தைத் தேவைக்கு மேல் மெல்லியதாக்கக் கூடாது.

1990களின் இறுதியில் இந்தக் குறுக்குப் பிணைப்பு பாலிஎத்திலீன் நோயாளிகளுக்கு வந்தது. அளவுக்கு மீறிய வாக்குறுதிகளோடு வந்த பொருள்கள் தோற்ற அதே காலத்தில், இது ஆண்டுக்கு ஆண்டு தேறியது. ஆஸ்திரேலியத் தேசியப் பதிவேட்டின் கணக்குப்படி, 16 ஆண்டுகளில் மறு அறுவைக்கு ஆளானோர் பழைய பாலிஎத்திலீனில் 11.7 சதவீதம், புதியதில் 6.2 சதவீதம். எலும்பு கரைவதும் வெகுவாகக் குறைந்துவிட்டது. தேய்மானம் குறைந்ததால் 32, 36 மில்லிமீட்டர் பந்துகளைத் துணிந்து வைக்க முடிகிறது. மூட்டு நழுவும் ஆபத்து குறைகிறது. சார்ன்லியின் பந்து 22 மில்லிமீட்டர்தான்.

இளையவர்களுக்கு எது? இன்றைய சான்றுகளைப் பார்த்தால், செராமிக் பந்தும் குறுக்குப் பிணைப்பு பாலிஎத்திலீன் கிண்ணமும் கொண்ட இணையே பெரும்பாலோருக்கு ஏற்றது என்பது என் துணிபு. உலோகப் பந்தானால், தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டோடு அது சேரும் கழுத்தில் அரிப்பு நேர்ந்து கோபால்ட் கசியலாம். செராமிக் பந்து அந்த ஆபத்தைக் குறைக்கிறது. செராமிக் மேல் செராமிக் என்பதும் நல்ல தேர்வே. கிண்ணத்தைத் துல்லியமாகப் பொருத்தும் தேர்ந்த கையும் அதன் சாதக பாதகத்தை அறிந்த நோயாளியும் இருந்தால் தயங்க வேண்டியதில்லை. உலோகம் மேல் உலோகம் பொதுப் பயன்பாட்டிலிருந்து விலகிவிட்டது.

ஆனால் எந்த இணையானாலும் ஆயுளுக்கும் உத்தரவாதம் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். 1991 முதல் 2011 வரையிலான பிரிட்டிஷ் தரவுகளின்படி, ஐம்பதுகளின் தொடக்கத்தில் மூட்டு மாற்றிய ஆண்களுக்கு வாழ்நாளில் மறு அறுவைக்கு ஆளாகும் வாய்ப்பு மிக அதிகம். எழுபதைத் தாண்டியவர்களுக்கு அது 5 சதவீத அளவில்தான். அந்தத் தரவில் பெரும்பகுதி பழைய பொருள்களின் காலத்தது, நிலைமை மேம்பட்டிருக்கிறது. இருந்தும் வயது குறையக் குறைய மூட்டின் மேல் ஏறும் சுமை கூடும் என்பது மாறவில்லை.

நம்மிடையே முப்பதுகளில் மூட்டு மாற்றுபவர்களில் பலர், தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு மடிந்தவர்கள். ஸ்டீராய்டு, மது என்று காரணங்கள் பல. அவர்கள் முன் நாற்பது ஐம்பது ஆண்டுகள் இருக்கின்றன. அறுவைக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: பந்து எந்தப் பொருள், எத்தனை மில்லிமீட்டர், கிண்ணம் எந்த வகை, எந்தப் பதிவேட்டில் எத்தனை ஆண்டுக் கணக்கு உண்டு. அறுவைக்குப் பின் வாங்கிக்கொள்ள வேண்டியது: ஒவ்வொரு பாகத்தின் பெட்டியிலும் உரித்தெடுக்கும் ஒட்டுச்சீட்டு இருக்கும், பாகத்தின் பெயரும் தொகுதி எண்ணும் அதில் அச்சாகியிருக்கும். அதன் ஒரு பிரதி நோயாளியின் கோப்பில் இருக்க வேண்டும். இருபது ஆண்டு கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் திறந்து பார்க்கும்போது, உள்ளே இருப்பது எது என்று அந்தச் சீட்டுதான் சொல்லும்.

ஏ.எஸ்.ஆர். போன்ற தவறுகளை முதலில் அடையாளம் காட்டியவை வெளிநாட்டுப் பதிவேடுகள். நம் நாட்டில் மருத்துவர்கள் நடத்தும் பதிவேடு உண்டு. ஆனால் அதில் சேர்ப்பது கட்டாயமில்லை. அதைக் கட்டாயமாக்க வேண்டும். இந்தக் கிண்ணம் இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம், ஒவ்வொரு தோல்வியையும் யாரோ ஒருவர் மறைக்காமல் எழுதி வைத்ததுதான். நம் நோயாளிகளின் அனுபவமும் அந்தக் கணக்கில் ஏற வேண்டும்.