கரண்டி ஆணாம், முட்கரண்டி பெண்ணாம்

ஜெர்மானியர் வீட்டு உணவு மேசையில் கரண்டி, முட்கரண்டி, கத்தி ஆகிய மூன்றும் அருகருகே கிடக்கும். மூன்றும் உலோகத்தால் ஆனவை; மூன்றும் உண்ணுதற்குரிய கருவிகள். ஆயினும் ஜெர்மன் இலக்கணத்தில் கரண்டி ஆண்பால், முட்கரண்டி பெண்பால், கத்தி இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது பால். கரண்டியின் பெயருக்கு முன்னே 'டெர்' என்னும் சிறுசொல் நிற்கும், முட்கரண்டிக்கு 'டீ', கத்திக்கு 'டாஸ்'. ஏன் இவ்வாறு என்று கேட்டால் ஜெர்மானியர் சிரிப்பார். தாய்மடியில் கற்றதற்குக் காரணம் யார் தேடுவார்?

மாணவ நண்பர்களே, நான் இளமையில் ஒரு மாலை வகுப்பில் இம்மொழியைக் கற்கத் தொடங்கினேன். அச்சிறுசொற்களை வீண் சுமை என்று ஒதுக்கிவிட்டு, பெயர்ச்சொற்களை மட்டும் நானூறுக்கு மேல் மனப்பாடம் செய்து ஆசிரியரிடம் பெருமையோடு ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இவற்றுள் ஒன்றையேனும் ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள்" என்றார். என்னால் இயலவில்லை. நம் மொழியில் 'ஐ', 'கு' முதலிய உருபுகள் பெயரின் பின்னே ஒட்டிச் செய்யும் வேலையை, அங்கே பெரும்பாலும் முன்னே நிற்கும் அச்சிறுசொல்லே தன் உருவத்தை மாற்றிக்கொண்டு செய்கிறது. பால் மூன்று, அவற்றோடு பன்மை ஒன்று, வேற்றுமை நான்கு. ஆகப் பதினாறு இடங்கள். அவற்றை நிரப்ப இருப்பவையோ ஆறே வடிவங்கள். பெயரின் பால் தெரியாதவன் எந்த வடிவத்தை எடுப்பான்? நானூறு சொற்களையும் முதலிலிருந்து மீண்டும் கற்றேன். ஓராண்டு வீணாயிற்று.

தமிழனுக்கு இது பெருந்திகைப்பே. நம் இலக்கணத்தில் திணையும் பாலும் பொருளை நோக்கி அமைவன. கரண்டி ஆணா பெண்ணா என்னும் வினாவே நமக்கு எழாது. அங்கோ ஞாயிறு பெண், திங்கள் ஆண். சிறுமியைக் குறிக்கும் 'மேட்சென்' என்னும் சொல் ஆணுமன்று, பெண்ணுமன்று. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1880-ஆம் ஆண்டில் இதையெல்லாம் எள்ளி நகையாடி ஒரு கட்டுரையே வெளியிட்டார். ஆனால் நாம் உரக்கச் சிரிப்பதற்கு முன் சற்று நிற்க வேண்டும். ஞாயிறு, திங்கள் முதலிய சில சொற்களை உயர்திணையின்பாற் படுத்த தொல்காப்பியரே, அவை அஃறிணை முடிபு கொள்ளும் என்றும் கூறியிருக்கிறார். இன்றும் நாம் 'குழந்தை அழுகிறது' என்றுதானே சொல்கிறோம்? வடமொழியின் நிலை இன்னும் வேடிக்கை. மனைவியைக் குறிக்கும் சொற்களுள் 'தார' ஆண்பால், 'பார்யா' பெண்பால், 'களத்ர' இரண்டுமல்லாத பால். வடமொழியும் ஜெர்மனும் இந்தோ-ஐரோப்பியம் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை இங்கே நினைவிற்கொள்க.

இதன் காரணத்தைப் பற்றிச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஒரு பெரும் வழக்கு நடந்தது. தேவதைக் கதைகளைத் தொகுத்த சகோதரருள் மூத்தவரான யாக்கோப் கிரிம் சிறந்த இலக்கண அறிஞர். தம் ஜெர்மானிய இலக்கணத்தின் மூன்றாம் தொகுதியில், 1831-இல், அவர் ஒரு விளக்கம் தந்தார். பண்டை மக்களின் கற்பனை எல்லாப் பொருள்களிலும் ஆண்மையையும் பெண்மையையும் கண்டது. பெரியதும் வலியதும் ஆணாயின. சிறியதும் மெல்லியதும் பெண்ணாயின என்றார். கேட்பதற்கு இனிய விளக்கம். நானும் சில காலம் அதை நம்பி, கரண்டியில் ஆண்மையைத் தேடினேன்!

லைப்சிக் பேராசிரியர் கார்ல் புருக்மன் 1889-இல் இதனை மறுத்தார். பெண்பாலுக்குரியதாகக் கருதப்படும் 'ஆ' என்னும் விகுதி தொடக்கத்தில் பெண்மையைக் குறித்ததன்று. பெண்ணைக் குறித்த சில சொற்கள் தற்செயலாக அவ்வீறு பெற்றிருந்தமையால், பின்னர் அவ்வீறே பெண்பாலின் அடையாளமாயிற்று என்றார். கிரிம்மின் சார்பில் குஸ்டாவ் ரோத்தெ எதிர்வாதம் எழுதினார்; புருக்மன் விடவில்லை. பின்னர், 1915-இல், ஹ்ரோஸ்னி என்னும் செக் அறிஞர் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட களிமண் ஏடுகளைப் படித்து, ஹிட்டைட்டு மொழி இக்குடும்பத்தது என்று காட்டினார். அம்மொழியில் ஆண், பெண் என்னும் பிரிவே இல்லை. பொதுப்பால் ஒன்று, அஃதல்லாதது ஒன்று என இரண்டே வகுப்புகள். பெண்பால் பின்னர்த் தோன்றிய பிரிவு என்று அறிஞர் பலர் கொள்வதற்கு இது பெருந்துணையாயிற்று. கிரிம்மின் கற்பனை அழகைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் வழக்கில் வென்றவர் புருக்மன் என்றே எண்ணுகிறேன்.

மீண்டும் உணவு மேசைக்கு வருவோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கரண்டியின் பெயர் 'லெஃபில்'. நக்குதல் என்னும் வினையோடு, கருவியைக் காட்டும் 'இல்' என்னும் ஆண்பால் விகுதி சேர்ந்து பிறந்த சொல் அது. சாவியின் பெயரும் அவ்விகுதியால் ஆனதே. ஆகவே அதுவும் ஆண். முட்கரண்டி 'கபலா' என 'ஆ' ஈறு பெற்றிருந்தது, ஆகவே பெண். கத்தியோ 'மெஸ்ஸிஸஹ்ஸ்', அதாவது உணவுக்கத்தி. கத்தியைக் குறித்த 'ஸஹ்ஸ்' என்னும் பழஞ்சொல் இரண்டுமல்லாத பாலாதலின், அதனோடு கூடிய சொல்லும் அப்பாலே ஆயிற்று. பால் கத்தியில் இல்லை. சொல்லின் ஈற்றில் இருந்தது.

காலப்போக்கில் அவ்வீறுகள் தேய்ந்தன. 'லெஃபில்' 'லெஃபெல்' ஆயிற்று. 'கபலா' 'காபெல்' ஆயிற்று. இரண்டும் இன்று ஒரே ஓசையில் முடிகின்றன. எது ஆண், எது பெண் என்று இனி யார் சொல்வார்? முன்பு 'அந்த' என்று சுட்டுவதற்கு மட்டும் பயன்பட்ட டெர், டீ, டாஸ் என்னும் சொற்களே அப்பணியை ஏற்றுக்கொண்டன. நான் சுமை என்று தள்ளியது, தேய்ந்துபோன ஈறுகளின் வேலையைத் தாங்கிநின்ற தூணை!

'மேட்சென்' என்பதன் புதிரும் இதனால் அவிழும். இளம்பெண்ணைக் குறிக்கும் 'மாக்ட்' பெண்பால்தான். சிறுமைப்பொருள் தரும் 'சென்' என்னும் விகுதி எச்சொல்லோடு சேர்ந்தாலும் அதை இரண்டுமல்லாத பாலாக்கிவிடும். சிறுமியை எவரும் இழிவுபடுத்தவில்லை; விகுதி தன் வேலையைச் செய்தது.

புதிய சொற்கள் வரும்போது இன்றும் பூசல்தான். துருக்கியிலிருந்து சென்ற 'யோகுர்ட்' என்னும் தயிர் ஜெர்மனியில் ஆண். ஆஸ்திரிய உணவு விடுதியொன்றில் நான் மிகுந்த கவனத்தோடு 'டெர்' சேர்த்துத் தயிர் கேட்டேன். பரிமாறிய அம்மையார் கிண்ணத்தை என் முன் வைத்து, 'டாஸ் யோகுர்ட்' என்று மெல்லத் திருத்திவிட்டுப் போனார்.