அருட்தந்தை சாந்தீனியின் இசைக் கருவூலம்

உரோமையில் பிறந்து, 1801இல் குருவாகத் திருநிலை பெற்றவர் ஃபொர்த்துனாத்தோ சாந்தீனி. உயர்பதவிகளை நாடாத அவரது வீட்டில் ஏறத்தாழ 4,500 கையெழுத்துப் படிகளும் 1,200 அச்சுப் படிகளும் கொண்ட இசைத் தொகுப்பு ஒன்று உருவாயிற்று.

அவற்றுள் மிகப் பலவற்றை அவரே கைப்பட எழுதினார். பழங்கால இசையில் ஒவ்வொரு குரலுக்கும் உரிய பகுதி தனித்தனி ஏட்டில் இருக்கும். அவை அனைத்தையும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக இணைத்து எழுதினால்தான் பாடலின் முழு வடிவம் கண்ணுக்குப் புலப்படும். பாடற்குழுவில் நின்றோர் இதன் சுமையை அறிவர்.

உரோமைக் குரு ஒருவர் பாலஸ்த்ரீனாவைச் சேர்த்ததில் வியப்பில்லை. லூத்தரன் சபையினரான பாக், ஹாண்டல், கிரவுன் ஆகியோரையும் அதே அலமாரியில் வைத்தாரே, அதுவே நம் உள்ளத்தைத் தொடுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முற்பட்ட காலம் அது! இயேசுவின் மரணத்தைப் பற்றிய கிரவுனின் இசைப் படைப்பை அவர் மொழிபெயர்க்கவும் செய்தார். 1830இல் உரோமைக்கு வந்த இளைஞர் மெண்டல்சோனும் அவரை நாடி வந்தார்.

முதுமையில், 1855இல், ஆண்டுதோறும் பெறும் ஒரு தொகைக்கு ஈடாகத் தம் தொகுப்பை ஜெர்மனியின் மியூன்ஸ்டர் மறைமாவட்டத்திற்கு விற்றார். 1861இல் இறைவனடி சேர்ந்தார். வடக்கே சென்ற ஏடுகளை உலகம் மறந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அறிஞர் எட்வர்ட் டென்ட் அவற்றின் அருமையை மீண்டும் உணர்த்தினார். பின்னர் போருக்குத் தப்பியவற்றுள் ஒரு பகுதியை 1946ஆம் ஆண்டு வெள்ளம் நனைத்தது. எஞ்சியவை மியூன்ஸ்டர் மறைமாவட்ட நூலகத்தில் உள்ளன. ஹாண்டல் தம் இளமையில் உரோமையில் இயற்றியவற்றை ஆராய்வோர் இன்றும் அங்கேதான் செல்கின்றனர்.