செல்லப்பாவுக்குக் கிடைக்காத முதல்

பயமுறுத்திய பிள்ளைகள் – 4

பிலிம் இன்ஸ்டிடியூட் பையன் கதை சொல்ல வந்தால் கோடம்பாக்கத்து முதலாளிகள் காபி கொடுத்து அனுப்பிவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு என்று சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அந்தக் காரணத்தின் பெயர் ‘அவள் அப்படித்தான்’.

1978 தீபாவளிக்கு வந்த படம். இயக்கிய ருத்ரய்யா, அடையாறு பிலிம் இன்ஸ்டிடியூட்டில் படித்தவர். ரஜினி, கமல், ஸ்ரீப்ரியா மூவரும் இருந்தும் கல்லாப் பெட்டி நிறையவில்லை. இன்றைக்கு அந்தப் படத்தைக் கொண்டாடாத ஆள் இல்லை. அன்றைக்கு முதலாளிகளுக்குப் புரிந்தது ஒன்றுதான்: இந்தப் பிள்ளைகளை நம்பினால் பேர் வரும், காசு வராது.

எட்டு வருடம் கழித்து அதே இன்ஸ்டிடியூட்டிலிருந்து இன்னொரு கூட்டம் கிளம்பியது. கதை ஆபாவாணன், இயக்கம் ஆர். அரவிந்தராஜ். கையில் காசு குறைவு என்றால் எவரும் என்ன செய்வார்கள்? இரண்டு பாத்திரம், ஒரு வீடு, நாலு சுவர் என்று கதையைச் சுருக்குவார்கள். இவர்கள் சினிமாஸ்கோப்பில் எடுக்கப் போகிறோம் என்றார்கள்!

அது எவ்வளவு பெரிய வம்பு என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தமிழுக்கு ஸ்கோப்பைக் கொண்டுவந்ததே 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. சிவாஜி, அரண்மனை, படைபட்டாளம் என்று விரிந்த படம். ஸ்கோப் லென்ஸ் அகலமான காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் பிலிமுக்குள் அடைக்கும். தியேட்டர் புரொஜெக்டரில் இருக்கும் லென்ஸ் அதை மறுபடி விரிக்கும். சாதாரண லென்ஸைவிட இதற்கு வெளிச்சம் அதிகம் வேண்டும், ஃபோகஸும் எளிதில் நழுவும். இவர்கள் கதையோ இருட்டில் நடப்பது. போதாததற்கு, கேமராவில் ஒரு நிமிடம் ஓட 90 அடி பிலிம் போகும். ஆயிரம் அடி ரோல் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். நடிகர் ஒரு வசனத்தைக் குளறினால் தயாரிப்பு மேனேஜருக்கு வயிறு எரியும். ஒளிப்பதிவு செய்த ஏ. ரமேஷ்குமார் அந்த இருட்டை எப்படிக் கையாண்டார் என்பதற்குக் குதிரை வண்டி வரும் காட்சிகளே சாட்சி.

இவர்கள் எடுத்த ‘ஊமை விழிகள்’ உண்மையில் பேய்ப்படம் இல்லை. காணாமல் போகும் பெண்கள், ஒரு கிழவி, ஒரு குதிரை வண்டி, பின்னால் மனிதர்கள்தான். ஆனாலும் பேய்ப்படம் பார்த்த பயம். அந்தப் பயத்தின் முகமாக அவர்கள் யாரைப் பிடித்தார்கள் தெரியுமா?

ரவிச்சந்திரனை!

1964இல் ‘காதலிக்க நேரமில்லை’யில் அறிமுகமாகிப் பெண்களைக் கிறங்கடித்த அதே ரவிச்சந்திரன். அந்தப் படத்தில்தானே நாகேஷ், ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ செல்லப்பாவாக வந்து, படம் எடுக்க அப்பா டி.எஸ். பாலையாவிடம் பணம் கேட்டு, அவருக்கே திகில் கதை சொல்லுவார்? காசில்லாத இளைஞன், பேய்க்கதை, வயிறு குலுங்கச் சிரிப்பு மூன்றும் தமிழில் ஒன்றுசேர்ந்த இடம் அது. பாலையா பயந்தாரே தவிர, பணம் தரவில்லை. 22 வருடம் கழித்து அந்தப் படத்தின் நாயகன் நிஜமான ‘ஓஹோ’ பிள்ளைகளுக்கு வில்லனாக வந்து நின்றார்.

இதில்தான் அந்தப் பிள்ளைகளின் சாமர்த்தியம் என்பேன். கதாநாயக நாட்கள் முடிந்திருந்த ஜெய்சங்கர் பத்திரிகை ஆசிரியர் ஆனார். பாட பி.பி. ஸ்ரீனிவாஸ் வந்தார். இளையராஜா கொடி பறந்த காலத்தில் இசை மனோஜ்–கியான். முப்பதுகளில் இருந்த விஜயகாந்த், நரைத்த தலையோடு டி.எஸ்.பி. தீனதயாளனாக நடிக்கச் சம்மதித்தார். ஊர் மறந்தவர்களையும் ஊர் இன்னும் அறியாதவர்களையும் கூட்டி, பெரிய படத்தின் தோற்றத்தை உண்டாக்கிவிட்டார்கள்.

1986 ஆகஸ்ட் 15. படம் வெளியாகிறது. எங்கள் தா.பழூர் அப்போது திருச்சி மாவட்டம், உடையார்பாளையம் வட்டம். மதனத்தூர்–நீலத்தநல்லூர் பாலம் வராத காலம். கும்பகோணத்துத் தியேட்டருக்குப் பஸ்ஸில் போக வேண்டுமானால் அணைக்கரையைச் சுற்றித்தான் போக வேண்டும். அந்தப் படத்தை இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு இருட்டில் வீடு திரும்பியவர்களின் பாட்டை வாசகர்களின் கற்பனைக்கே விடுகிறேன். படம் ஓடு ஓடென்று ஓடியது. அடுத்த வருடமே ‘உழவன் மகன்’, அதற்கடுத்து ‘செந்தூரப்பூவே’. காபி கொடுத்து அனுப்பிய வாசல்களில் இன்ஸ்டிடியூட் பையன்களுக்கு நாற்காலி போடப்பட்டது.

ஆனால் செல்லப்பாவின் கனவு பாதிதான் நிறைவேறியிருந்தது. திகில் வந்துவிட்டது, சிரிப்பு எங்கே? இரண்டையும் ஒன்றாய்க் கலந்து, மாணவர்களை மட்டுமே வைத்து, சில்லறைக் காசில் ஜெயித்தவர்களைத் தேடினால் ஜப்பானுக்குப் போக வேண்டும்.

தோக்கியோவில் என்பு செமினார் என்ற நடிப்பு, சினிமாப் பயிற்சிப் பள்ளி. இயக்குநர் ஷினிச்சிரோ உவேதா. செலவு சுமார் 30 லட்சம் யென், நம் கணக்கில் இருபது லட்சத்தைத் தாண்டாது. நடித்தவர்கள் எவரும் அறியாத பயிற்சி மாணவர்கள். 2017 நவம்பரில் ‘ஒன் கட் ஆஃப் தி டெட்’ ஒரு சின்னத் திரையரங்கில் முதன்முதலாகக் காட்டப்படுகிறது.

பாழடைந்த கட்டடத்தில் பிணங்கள் எழுந்து துரத்துகின்றன. வெட்டே இல்லாமல் 37 நிமிடம், ஒரே ஷாட். நடிப்பு அங்கங்கே சொதப்புகிறது. ஒருவர் காரணமில்லாமல் நின்று உளறுகிறார். கேமரா எதற்கென்றே தெரியாமல் தரையில் கிடக்கிறது. பிள்ளைகள் எடுத்த படம்தானே என்று பார்ப்பவர் பொறுத்துக்கொள்கிறார். 37ஆவது நிமிடத்தில், படம் முடிந்துவிட்டதுபோல், பெயர்கள் திரையில் ஓட ஆரம்பிக்கின்றன.

படத்தின் மொத்த நீளமோ 96 நிமிடம். மிச்சம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உவேதா எதைக் காட்டப் போகிறார்? அந்தச் சொதப்பல்கள் நிஜமாகவே சொதப்பல்கள்தானா?

(அடுத்த வாரம்)